சோப்புப் பெட்டியும் செம்பருத்தியும்

பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது பரிசளிப்பு விழாவில் எனக்கு ஒரு பொட்டலம் கிடைத்தது. மேடையேறி, கும்பிட்டு, வாங்கிக்கொண்டு இறங்கி, நாற்காலிக்கடியில் வைத்து மெல்லப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஊதா நிறத்தில் பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதைக் குளியலறைக்கு அனுப்பாமல் கண்ணாடி அலமாரியில் வைத்தார். அடுத்த வருடம் இன்னொரு சோப்புப் பெட்டி கிடைக்கும் என்பதற்காக நான் ஒரு பக்கம் கூடுதலாகப் படித்த நினைவு இல்லை. பரிசை வாங்கி வைத்தவர்கள்மேல் குறையும் இல்லை. மொத்த விலைக் கடையில் ஐம்பது உருப்படி எடுத்தால் மலிவு. யாருக்கும் உடையாது, பொருந்தாமல் போகாது. ஆனால் அந்த ஐம்பதை எடுத்தபோது ஒரு பிள்ளையைக்கூட யாரும் கேட்கவில்லை.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளாக ஒரு சிறு ஆய்வுத்துறை பதில் தேடிவருகிறது. அதன் பெயர் விருப்ப மதிப்பீடு. நடத்தையியல் ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை இது. ஒரு பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதை ஊகிக்காமல், சொல்லச் சொல்லியும் கேட்காமல், பொருள்களை முன்னால் வைத்து, கை எங்கே போகிறது என்று பார்த்து எழுதிக்கொள்வது. பேச முடியாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இது பிறகு சாதாரண வகுப்பறைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இதை மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் உள்ள சாஆ போன்ற ஓர் ஊரில் வைத்து யோசித்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. யோங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் பழைய கூட்டரசுச் சாலையோரம், சிகாமட் மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. சுற்றிலும் செம்பனை. இப்படிப்பட்ட ஊர்களின் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியருக்கு மாணவனை மட்டுமல்ல, அவன் அப்பாவையும் பாட்டியையும், எந்தத் தோட்டத்திலிருந்து எப்போது இடம்பெயர்ந்து வந்தார்கள் என்பதையும் தெரிந்திருக்கும். 150 மாணவருக்குக் கீழே இருந்தால் மலேசியக் கல்வி அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட பள்ளி. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் இந்த வகைதான். அங்கே போய் ‘உங்கள் மாணவனுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது’ என்றால் ஆசிரியர் சிரிப்பார். சிரிப்பதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. ஆனாலும் அந்தச் சிரிப்பைத்தான் இந்த ஆய்வுகள் முதலில் சோதனைக்கு எடுத்துக்கொண்டன.

1985-இல் அமெரிக்காவில் கேரி பேஸும் அவருடன் நான்கு ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஆறு பேர். பேச்சு இல்லை, ‘இது வேண்டும்’ என்று கைகாட்டும் பழக்கமும் அநேகமாக இல்லை. அவர்களுக்குக் கற்றுத்தர எதையாவது பரிசாகக் கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது? ஆய்வாளர்கள் 16 தூண்டல்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாக முன்னால் வைத்தார்கள். கண்ணாடி, விளக்கு, பாட்டு, பழச்சாறு, பிஸ்கட், மின்விசிறி, ஊஞ்சல், கைத்தட்டல், அணைப்பு, முகர்வதற்குக் காப்பிக்கொட்டை. பட்டியலில் ஒரு செம்பருத்திப் பூவும் இருந்தது. நம் நாட்டின் தேசிய மலர் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பிள்ளையின் மூக்கருகே நீட்டப்பட்டிருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது. வைத்த பொருளை நோக்கி ஐந்து நொடிக்குள் நகர்ந்தால் ‘விருப்பம்’ என்று ஒரு குறி. பத்தில் எட்டு முறை நகர்ந்தால் அது பிடித்த பொருள். பிடித்ததைப் பரிசாக வைத்தபோது சொன்னதைச் செய்யும் அளவு பொதுவாகக் கூடியது. பிடிக்காததை வைத்தபோது அப்படிக் கூடவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1988-இல், கேரலின் கிரீனும் டென்னிஸ் ரீடும் உள்ளிட்ட குழு அடுத்த கேள்வியைக் கேட்டது. இந்தச் சிரமமெல்லாம் எதற்கு? தினமும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிற பணியாளர்களிடம் கேட்டால் போதாதா? கேட்டார்கள். பணியாளர்கள் தயங்காமல் வரிசை போட்டுக் கொடுத்தார்கள். முறையாகச் சோதித்தபோது வந்த வரிசையும் அவர்கள் தந்த வரிசையும் ஒத்துப்போகவில்லை. நான் படித்தவரை இந்தத் துறையில் மிகவும் சங்கடமான முடிவு இதுதான். பணியாளர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். பொய் சொல்லவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருப்பதும் அறிந்துகொள்வதும் வெவ்வேறு வேலைகள். நாள்முழுதும் ஒரு பிள்ளையோடு இருப்பவர் அவனை ஆயிரம் முறை பார்க்கிறார். ஆனால் இரண்டு பொருளை ஒரே நேரத்தில் முன்னே வைத்து, வாய் மூடி நின்று பார்த்திருப்பது எத்தனை முறை?

அதற்காகப் பெரியவர்களை ஒதுக்கிவிட முடியாது. பரிசோதனைத் தட்டில் எதை வைப்பது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். 1996-இல் வேய்ன் ஃபிஷரும் அவரது குழுவினரும் பராமரிப்பாளர்களிடம் ஒழுங்கான கேள்விகள் மூலம் விவரம் வாங்கினார்கள். அவனுக்கு எந்த ஓசை பிடிக்கும், எந்த வாசனை, எதைத் தொட்டுக்கொண்டே இருப்பான், யாரோடு இருக்கும்போது சிரிப்பான்? அந்தப் பதில்களிலிருந்து பொருள்களைத் தேர்ந்து தேர்வுச்சோதனை நடத்தினால், எல்லாருக்கும் பொதுவான பட்டியலைவிட வலுவான பரிசுகள் கிடைத்தன. பாட்டி சொல்வதில் பட்டியல் இருக்கிறது, தரவரிசை இல்லை என்று இதைச் சுருக்கிக்கொள்ளலாம்.

பேசத் தெரிந்த பிள்ளைகளையே நேராகக் கேட்டுவிட்டால் என்ன என்பவர்களுக்கு நம் வகுப்பறைகளில் நடக்கும் ஓர் உரையாடலைச் சொல்ல வேண்டும்.

“கண்ணா, உனக்கு என்ன பரிசு வேணும்?”

“எதுவா இருந்தாலும் பரவால்ல டீச்சர்.”

“சும்மா சொல்லு.”

“புத்தகம், டீச்சர்.”

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் கேட்கும்போது ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதுதான் நாம் கற்றுக்கொடுத்த நாகரிகம். இரண்டாம் முறை கேட்டால் கேட்டவருக்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த மாமா மிட்டாய் நீட்டினால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை நீட்டுகிற பிள்ளைகள் நாம் வளர்த்தவர்கள். வாய்ச்சொல்லில் இத்தனை மரியாதை ஏறியிருக்கும்போது, கையை மட்டும் பார்க்கும் முறைக்கு நம்மிடையே கூடுதல் தேவை இருக்கிறது என்பேன்.

முறைகளுக்கு வருவோம். பேஸின் முறையில் ஒரு குறை. ஒவ்வொரு பொருளாகக் காட்டினால் சில பிள்ளைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். எல்லாமே பிடித்த பொருளாகிவிடும். 1992-இல் ஃபிஷரும் துணை ஆய்வாளர்களும் இரண்டிரண்டாக வைத்தார்கள். தேங்காயா மாங்காயா என்கிற கதைதான். 16 பொருள்களில் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் சேர்த்தால் 120 ஜோடி. தரவரிசை துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் நேரம் போய்விடும். முப்பது பேர் கொண்ட வகுப்பில் இதைச் செய்யச் சொன்னால் ஆசிரியர் மாற்றலுக்கு எழுதிப்போடுவார்.

1996-இல் ஐசர் டிலியோனும் பிரையன் இவாட்டாவும் வழியைச் சுருக்கினார்கள். ஏழு பொருள்களை ஒரே வரிசையில் வைப்பது. பிள்ளை ஒன்றை எடுத்ததும் சற்று நேரம் அதை அனுபவிக்க விடுவது. அந்தப் பொருளைத் திரும்ப வைக்காமல், மிச்சத்தை இடம் மாற்றி அடுக்கி, மறுபடியும் ‘ஒன்றை எடு’ என்பது. வரிசை காலியாகும்வரை இப்படி. ஐந்து சுற்று. ஜோடி முறையில் ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. வரிசையோ ஏறக்குறைய அதேபோல வந்தது. 2000-இல் ஜேம்ஸ் காரும் மற்ற இருவரும் மூன்று சுற்றே போதும் என்று காட்டினார்கள். இப்போது இது பள்ளிக்கூடத்துக்குள் நுழையக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது.

கணக்கு எளிது. நானே கற்பனையாகப் போட்ட ஒரு தாளைக் காட்டுகிறேன். இரண்டாம் ஆண்டுப் பையன். ஐந்து பொருள்: ஸ்டிக்கர், வண்ணப் பென்சில், ரப்பர் பந்து, களிமண், உருப்பெருக்கிக் கண்ணாடி. முதல் சுற்றில் உருப்பெருக்கியை முதலில் எடுக்கிறான். பிறகு களிமண், பந்து, பென்சில், ஸ்டிக்கர். இரண்டாம் சுற்றிலும் உருப்பெருக்கிதான் முதலில். பிறகு பந்து, களிமண், பென்சில், ஸ்டிக்கர். மூன்றாம் சுற்றில் களிமண், உருப்பெருக்கி, பந்து, ஸ்டிக்கர், பென்சில். ஒரு பொருள் எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பதை, எத்தனை முறை முன்னால் இருந்தது என்பதால் வகுக்க வேண்டும். உருப்பெருக்கி நான்கு முறை முன்னால் இருந்து மூன்று முறை எடுக்கப்பட்டது: 75 விழுக்காடு. களிமண்ணுக்கு 50, பந்துக்கு 38, பென்சிலுக்கு 23, ஸ்டிக்கருக்கு 21. ஆசிரியரின் அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருப்பதோ ஸ்டிக்கர்.

ஒரு தாள், ஒரு பென்சில், கால் மணி நேரம். இதைச் செய்ய நடத்தையியல் பட்டம் தேவையில்லை. ஆனால் வாயைக் கட்டுவதற்குப் பயிற்சி தேவை. “ஸ்டிக்கர் நல்லா இருக்குமே கண்ணு?” என்று ஒரு வார்த்தை விழுந்தால் அந்தச் சுற்று வீண். ஆசிரியரின் கண் ஒரு பொருள்மேல் தங்கினாலும் சில பிள்ளைகள் அதைப் படித்துவிடுவார்கள். ஒரே பொருள் எப்போதும் வலப்பக்கம் இருந்தாலும் ஏமாறுவோம். வலக்கைப் பழக்கம் விருப்பம்போல் வேடம் போடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் இடம் மாற்றுவது.

சாப்பாட்டையும் விளையாட்டுப் பொருளையும் ஒரே தட்டில் கலக்கக்கூடாது. டிலியோன், இவாட்டா, ராஸ்கோ மூவரும் 1997-இல் இதைச் சோதித்தார்கள். இரண்டையும் கலந்து வைத்தபோது பெரும்பாலானோர் சாப்பாட்டுப் பக்கமே போனார்கள். விளையாட்டுப் பொருள் வரிசையின் கீழே தள்ளப்பட்டது. தனியாகச் சோதித்தபோது அதே பொருள் நல்ல பரிசாக வேலை செய்தது. முறுக்குக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தப் புத்தகமும் தோற்கும். அதனால் அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் பிடிக்காது என்று ஆகிவிடாது.

பசியும் வரிசையை மாற்றும். ஒரு தின்பண்டத்தைச் சற்று நேரம் மறுத்துவிட்டுச் சோதித்தால் அது மேலே வருகிறது. வயிறு நிறையத் தந்துவிட்டுச் சோதித்தால் கீழே போகிறது. 2000-இல் மூன்று ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள நான்கு பிள்ளைகளிடம் இதைக் காட்டினார்கள். பெற்றோர் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுகிற வீட்டில், காலையில் வெறும் மைலோ குடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஓய்வு நேரத்துக்கு முன் எட்டரை மணிக்கு அப்படி ஒருவனிடம் பிஸ்கட்டை வைத்துச் சோதித்தால் என்ன தெரியும்? அவனுக்குப் பசி என்று தெரியும். விருப்பம் என்று நாம் குறித்துக்கொள்வது அங்கே விருப்பமே அல்ல.

இங்கே நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். துணை உணவுத் திட்டத்தில், ஆர்எம்டியில், கிடைக்கும் சாப்பாட்டையோ, ஓய்வு நேரத்தையோ, உடற்கல்விப் பாடத்தையோ பரிசு என்று பெயர் வைத்துப் பிடித்து வைக்கக்கூடாது. அவை பிள்ளைக்கு ஏற்கெனவே சேரவேண்டியவை. ‘கணக்கை முடிக்காவிட்டால் திடலுக்குப் போகமுடியாது’ என்பது பல பள்ளிகளில் புழங்குகிற வசனம். அதற்கு விருப்ப மதிப்பீட்டின் பெயரைப் பயன்படுத்துவது இந்த முறைக்குச் செய்யும் அவமானம்.

பரிசு காசு கேட்க வேண்டியதும் இல்லை. 1963-இல் லாய்ட் ஹோமும் குழுவினரும் மழலையர் பள்ளி ஒன்றில் மூன்று வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஓடிக்கொண்டும் கத்திக்கொண்டும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டும் இருந்தார்கள். பாடம் நடத்த வழியில்லை. டேவிட் ப்ரிமாக் 1959-இல் சொன்ன ஒரு கருத்தை ஹோம் அப்படியே எடுத்துக்கொண்டார்: பிள்ளை தானாக அதிகம் செய்வதை, குறைவாகச் செய்வதற்குப் பரிசாக்கலாம். கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்து பலகையைப் பார்த்தால் மணி அடிக்கும். ‘எழுந்து ஓடுங்கள், கத்துங்கள்’ என்று உத்தரவு வரும். போகப்போகப் பிள்ளைகள் சம்பாதிக்கும் பரிசுகளில் குப்பைக்கூடையை உதைப்பதும், சக்கரம் வைத்த நாற்காலியில் ஆய்வாளரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவதும் சேர்ந்தன. சில நாளில் வகுப்பு அடங்கியது. பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று தெரிய, அவன் அடக்கப்படும்போது எதற்காக அடக்கப்படுகிறான் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும் என்று இதைப் படித்தபோது தோன்றியது.

1969-இல் பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் மூவரும் ஒரு நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து விளையாட்டு நடத்தினார்கள். அங்கும் பரிசு வகுப்பறைக்குள்ளேயே கிடந்த சங்கதிதான்: வெற்றி அட்டை, பெயருக்கு எதிரில் ஒரு நட்சத்திரம், மதிய உணவுக்கு முதலில் வரிசையில் நிற்பது, நாள் முடிவில் அரை மணி நேரம் விருப்பம்போல் இருப்பது. நம் பள்ளிகளில் இதற்கு இணையாக எதைத் தட்டில் வைக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். சபைகூடலில் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவை முன்னின்று சொல்வது. வருகைப்பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது. டீச்சரின் நாற்காலியில் பத்து நிமிடம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டுவது. கையில் எடுக்க முடியாத இவற்றுக்கு ஒவ்வோர் அட்டையில் படம் வரைந்து அட்டையைத் தட்டில் வைக்கலாம். அட்டை எடுத்தால் அந்தக் காரியம் உடனே நடக்க வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் மறுநாள் அந்த அட்டையை அவன் எடுக்கமாட்டான்.

விருப்பம் நிலையாக இருப்பதும் இல்லை. சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஒரே வரிசை நிற்கும். சிலருக்கு வாரத்துக்கு வாரம் மாறும். இந்த மாற்றத்தையே தனி ஆய்வாக எடுத்தவர்கள் உண்டு. ஜனவரியில் ஒரு முறை சோதித்து வருடம் முழுக்க அதையே நம்புவது, ஒரு சட்டையை முதலாம் ஆண்டில் தைத்து ஆறாம் ஆண்டுவரை போடுவது மாதிரி. எந்த நாளில் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். ஜோகூரில் 2014 முதல் பதினோர் ஆண்டுகள் வெள்ளியும் சனியும் விடுமுறை. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து சனியும் ஞாயிறுமாக மாறியது. பெரியவர்களுக்கே வார இறுதியின் உணர்வு பல வாரம் தடுமாறியது. வெள்ளிக்கிழமை மதியத்தில் ஒரு பிள்ளை எடுப்பதும் திங்கட்கிழமை காலையில் எடுப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

இதுவரை சொன்னதெல்லாம் பரிசைப் பற்றி. பாடத்தையே தேர்ந்தெடுக்க விட்டால்?

க்ளென் டன்லாப்பும் குழுவினரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பரிசு ஆய்வுகளைவிட முக்கியமாகப் படுகிறது. உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்கள் உள்ள மாணவர்கள். எல்லாமே பாடத்திட்டத்தில் உள்ள வேலைகள். ஆனால் பட்டியலாக வைத்து ‘எதை முதலில் செய்கிறாய்?’ என்று கேட்டார்கள். வேலையில் ஈடுபடும் நேரம் கூடியது, குழப்படி குறைந்தது. இதில் ஒரு சந்தேகம் வரும். பிடித்த வேலை கிடைத்ததால் மாறினார்களா, தேர்ந்தெடுக்கக் கிடைத்ததால் மாறினார்களா? ஒரு மழலையர் வகுப்புப் பையனிடம் அதையும் சோதித்தார்கள். அவன் முன்பு தானாகத் தேர்ந்தெடுத்த அதே கதைப்புத்தகங்களை, அதே வரிசையில், இந்த முறை ஆசிரியரே எடுத்து வாசித்தார். புத்தகம் அதுவேதான், கேட்பவனும் அவன்தான். ஆனால் அவன் ஈடுபாடு தானே தேர்ந்தெடுத்த நாள்களில்போல் இல்லை.

ஈடுபாடு என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். இந்த ஆய்வுகளில் அதற்கு அளவு உண்டு. சில நொடிக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அந்தக் கணத்தில் பிள்ளையின் கண்ணும் கையும் வேலையில் இருந்தால் ஒரு குறி, இல்லாவிட்டால் ஒரு கோடு. இருபது நிமிடப் பாடத்தில் அரை நிமிடத்துக்கு ஒரு பார்வை என்றால் நாற்பது பார்வை. ‘இன்னிக்கு வகுப்பு நல்லா போச்சு’ என்ற நம் மதிப்பீட்டோடு அந்த நாற்பது குறிகளை வைத்துப் பார்த்தால், நம் மனம் முன்வரிசைப் பிள்ளைகளை மட்டுமே எண்ணியிருப்பது தெரியும்.

தேர்வு பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் நினைவுக்கு வராமல் இருக்காது. ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறையிலிருந்து எடுத்து, 2003-இல் எம்.பி.விஜயகுமார் ஐஏஎஸ் முயற்சியில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் போன முறை அது. பிள்ளை தரையில் உட்கார்ந்து, தன் கற்றல் ஏணியில் தான் நிற்கும் படிக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். அதில் வேகம் பிள்ளையுடையது, வரிசை பாடத்திட்டத்துடையது. டன்லாப்பின் ஆய்வு கேட்கும் கேள்வி இந்த ஏணிக்கும் பொருந்தும்: அடுத்த இரண்டு அட்டையில் எதை முதலில் எடுப்பது என்று ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எதிர்க்குரலையும் முழுமையாகக் கேட்கத்தான் வேண்டும். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் நடத்திய சோதனை பரிசுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. வண்ணப்பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளை மூன்று குழுவாக்கினார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். எதிர்பார்த்துப் பரிசு வாங்கிய பிள்ளைகள் தங்கள் நேரத்தில் 8.6 விழுக்காடு வரைந்தார்கள். பரிசே வாங்காதவர்கள் 16.7, எதிர்பாராமல் வாங்கியவர்கள் 18.1. சும்மா செய்துகொண்டிருந்ததற்குக் கூலி பேசினால், கூலி நின்றதும் வேலையும் பாதியாகிவிடுகிறது.

இதற்குப் பிறகு இரு தரப்பும் தொகுப்பாய்வுகளைக் குவித்துச் சண்டை போட்டன. 1994-இல் கேமரனும் பியர்ஸும் ஆபத்து மிகச் சிறியது என்றார்கள். 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 ஆய்வுகளைத் திரட்டி, ஆபத்து உண்மைதான் என்றார்கள். என் தீர்ப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரைவது முன்பே பிடித்திருந்தது. விருப்ப மதிப்பீடு எங்கே தேவைப்படுகிறது? பேனாவைத் தொடவே மாட்டேன் என்கிற பிள்ளையிடம். ஆசை இருக்கிற இடத்தில் பரிசைக் கொண்டுபோய் வைப்பது வீண் வேலை, சிலசமயம் கெடுதி. இந்த முறையைச் சரியாகச் செய்தால் அதுவே நம்மைத் தடுத்துவிடும் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தட்டில் உருப்பெருக்கியோடு வாசிப்பு அட்டையையும் வைத்து, பிள்ளை வாசிப்பு அட்டையை முதலில் எடுத்தால், அவனுக்கு வாசிக்கப் பரிசு வேண்டாம். வாசிப்பையே வேறொன்றுக்குப் பரிசாக வைக்கலாம்.

நம் நாட்டில் இதற்கு ஒரு காலப்பொருத்தமும் உண்டு. 1988-இல் தொடங்கிய, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-இல் நீக்கப்பட்டது. அதுவரை தமிழ்ப்பள்ளிகளின் பரிசுப் பொருளாதாரமே அந்தத் தேர்வைச் சுற்றி நடந்தது. முன்பு ஏழு ஏ, 2016 முதல் எட்டு ஏ. மாலை, பதாகை, நாளிதழில் படம். அதில் ஆறாம் ஆண்டின் சில பிள்ளைகள் மட்டுமே பங்கேற்றார்கள், மற்றவர்கள் கைதட்டினார்கள். இப்போது வகுப்புசார் மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘நீ அடைவுநிலை மூன்றிலிருந்து நான்குக்குப் போய்விட்டாய்’ என்பது சோப்புப் பெட்டியைவிடவும் தூரத்தில் இருக்கும் செய்தி. பெரிய தேர்வு போன இடத்தில் அன்றாடம் பிள்ளையை இழுத்துப் பிடிப்பது எது என்ற கேள்வி காலியாகவே கிடக்கிறது.

சிறப்புக்கல்வி வகுப்புகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2019 முதல் மலேசியாவில் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாத கொள்கை நடப்பில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை உள்ள பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று பள்ளி சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த சிறப்புக்கல்வி வகுப்பு, அதாவது பிபிகேஐ, எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லை. சிற்றூர்ப் பெற்றோர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கோ மலாய்ப் பள்ளிக்கோ பிள்ளையைக் கூட்டிப்போகிறார்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் மலாய் என்றாகும் பிள்ளை பேச்சில் சிக்கல் உள்ளவனாகவும் இருந்தால், வாய்வழிக் கேள்விக்குப் பதிலே வராது. மொழியே தேவைப்படாத ஒரு தட்டு அங்கே ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் நடக்கும் முதல் உரையாடலாக இருக்க முடியும்.

அந்த உரையாடல் தோற்பதும் உண்டு. மூன்று சுற்றும் முடிந்து, தாளில் ஒரு குறிகூட விழாமல் பிள்ளை உட்கார்ந்திருப்பான். களிமண்ணைத் தள்ளிவிடுவான், உருப்பெருக்கியைத் திரும்பியும் பார்க்கமாட்டான். ‘இவனுக்கு எதுவுமே பிடிக்காது’ என்று எழுதிக் கோப்பில் போடத் தோன்றும். அந்தத் தட்டில் இருந்ததெல்லாம் பெரியவர்கள் நினைத்துப் பார்த்த பொருள்கள் மட்டுமே என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். 1998-இல் ஹென்றி ரோனும் மற்ற மூவரும் இதற்குத்தான் இன்னொரு முறையைச் சொன்னார்கள். எதையும் நீட்டாதே, எடு என்று சொல்லாதே. ஐந்து நிமிடம் பிள்ளையைப் பொருள்களுக்கு நடுவே விட்டுவிட்டு, எதோடு எவ்வளவு நேரம் இருக்கிறான் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுது. எதையும் பறித்து மறு சுற்றுக்கு அடுக்குவதில்லை என்பதால் அழுகையும் கோபமும் குறைவு.

ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால், அவன் பொம்மைகளைத் தாண்டிக் கதவருகே போய் மின்விசிறியின் சுவிட்சைப் போட்டு, இறக்கை நிற்கும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி போடுவது தெரியலாம். 1985-ஆம் ஆண்டுப் பட்டியலில் மின்விசிறி இருந்தது. நம்முடைய ஐந்தில் இல்லை. தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்: சுவிட்ச், மூன்று நிமிடம் நாற்பது நொடி.